மேலே யாரு பாக்கப் போறா?

என் மச்சினனுடைய டீக்கடைக்குச் சக்கரம் உண்டு. முழுக்க ஃபைபரில் வார்த்த டிரெய்லர். வெள்ளை உடம்பு, இடுப்பில் ஒரு சிவப்புப் பட்டை, பக்கவாட்டில் தூக்கித் திறக்கும் பலகை, உள்ளே பாய்லரும் பஜ்ஜிச் சட்டியும். முன்னால் குட்டி யானையைப் பூட்டிவிட்டால் புறப்பட்டுவிடும். அமாவாசைக்கு மேல்மலையனூர், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, மற்ற நாட்களில் காணையில், திருக்கோவிலூர் சாலையோரம். ஓடுவதெல்லாம் நிலாக் கணக்கில். கெடுவது மட்டும் சூரியக் கணக்கில். இந்த இரண்டாவது கணக்கை மச்சினனுக்குப் புரியவைப்பதில்தான் என் ஓய்வுக்காலம் கழிகிறது.

நான் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் குடும்பம் எதையும் வேலை என்று சொல்லிக் கொடுப்பதில்லை. சந்தேகம் என்று சொல்லித்தான் கொடுக்கும். கரண்ட் பில்லில் ஒரு சந்தேகம், பேரனின் கணக்கில் ஒரு சந்தேகம். மச்சினனுக்கு வந்த சந்தேகம்: “மெழுகுன்னா அது கெமிஸ்ட்ரிதானே மாமா?” ஆமாம் என்றேன். மறுநாள் காலையில் வண்டி என் வீட்டு வாசலில் நின்றது.

வாங்கின புதிதில் முகம் பார்த்துத் தலை வாரலாம் போல் இருந்த வண்டி அது. ஒரு கோடை கழிந்ததும் மங்கியது. அடுத்த கோடையில் வெளுத்துப் பூத்துவிட்டது. சாய்ந்து நின்று டீ குடித்தவர்கள் முதுகில் வெள்ளையோடு வீட்டுக்குப் போனார்கள். மேல்மலையனூரில் ஒரு பாட்டி வண்டியில் கை ஊன்றி நின்றவர், உள்ளங்கையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியைப் பார்த்தார். அங்காளம்மன் எல்லையில் வெள்ளையாக ஒட்டுவது வேறென்னவாக இருக்கும்? பயபக்தியோடு நெற்றியில் இட்டுக்கொண்டு, பேத்திக்கும் ஒரு கீற்று வைத்துவிட்டார். மச்சினன் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு டீ வியாபாரம் நன்றாக நடந்ததாம்.

பாட்டி நெற்றியில் இட்டுக்கொண்டது வண்டியின் தோலை. கண்ணாடி இழைகளைப் பாயாக விரித்து, பாலியஸ்டர் ரெசினில் ஊறவைத்து, அச்சில் இறுக விடுவதுதான் ஃபைபர். அதற்கு மேல் ஜெல்கோட் என்று ஒரு பூச்சு. கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். நிறம், பளபளப்பு, பெருமை எல்லாம் அந்த அரை மில்லிமீட்டருக்குள்தான். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் அந்த ரெசினின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கும். அறுந்த முனைகளை ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளும். பிடிப்பு விட்டுப்போன வெள்ளை நிறமி பொடியாக உதிரும்.

இவ்வளவையும் நான் விளக்கி முடித்ததும் மச்சினன், “துருப்பிடிக்காதுன்னு சொல்லித்தானே மாமா வித்தான்?” என்றான். விற்றவர் பொய் சொல்லவில்லை. துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது, தண்ணீரில் ஊறினாலும் உளுக்காது. வெயிலைப் பற்றி இவன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் வெயிலைப் பற்றி யார் தனியாகக் கேட்கப்போகிறார்கள்?

இந்த வகை வண்டிக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. 1968-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் ‘போலர்’ என்ற டிரெய்லரைக் கொண்டுவந்தார். 13 அடி நீளம். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் தனித்தனி அச்சில் வார்த்து, நடுவில் ஒட்டிய பயண வீடு. பார்க்க பௌலர் தொப்பி போல இருந்ததால் அந்தப் பெயர். அதற்கு முன் அவர் ஃபைபரில் செய்துகாட்டிய பொருள் செப்டிக் டேங்க். கான்கிரீட் தொட்டியைத் தூக்க ஆள் படை வேண்டும், இது இலேசு. தொட்டிக்குச் சரிப்பட்டது வீட்டுக்கும் சரிப்படும் என்று நினைத்திருக்கிறார். பஜ்ஜி விற்கும் வண்டியின் வம்சாவளியில் செப்டிக் டேங்க் இருப்பதை மச்சினனிடம் நான் சொல்லவில்லை. அவன் என்னை நம்பி வியாபாரம் செய்கிறவன்.

வின்னிபெக்கில் குளிர்காலம் முழுக்க இத்தகைய வண்டிகள் மூடாக்குப் போட்டு உறங்கும். உரிமையாளர்கள் வசந்தத்தில் ஒரு தடவையும் குளிர் தொடங்குமுன் ஒரு தடவையும் மெழுகு பூசி, தட்டிக்கொடுத்து நிறுத்துவார்கள். காணையில் வண்டிக்கு உறக்கமும் கிடையாது, வசந்தமும் கிடையாது. வெயில், கடும் வெயில், அக்னி நட்சத்திரம், அப்புறம் புயல்.

வண்டி என் வாசலில் நின்றதும் ஊரே மருத்துவம் பார்க்க வந்துவிட்டது. லாரி ஓட்டும் தம்பி, “டீசல்ல துணியை நனைச்சு ஒரு இழுப்பு இழுங்க சார், கண்ணைப் பறிக்கும்” என்றார். பறித்தது. மாலைக்குள் திருக்கோவிலூர் சாலையின் புழுதி முழுவதும் அதில் வந்து ஒட்டிக்கொண்டது. எண்ணெய் காயாது, காயாத எண்ணெய் தூசிக்குப் பசை. என் மாமியார் விளக்கெண்ணெய் சொன்னார். அவருக்கு எல்லா நோய்க்கும் விளக்கெண்ணெய்தான். நல்லவேளையாக வண்டிக்கு வாய் இல்லை. மச்சினன் சம்சாரம் யாரையும் கேட்காமல் பாத்திரம் துலக்கும் பவுடரையும் ஸ்டீல் நாரையும் எடுத்துக்கொண்டு ஒரு பக்கத்தைத் தேய்த்தே விட்டது. பொடி போய்விட்டது, கூடவே மிச்சமிருந்த வழவழப்பும் போய்விட்டது. பெயிண்டர் வார்னிஷ் அடிக்கலாம் என்றார். வெயிலில் வார்னிஷ் மஞ்சளாகி உரியும். பாம்புக்குச் சட்டை உரிந்தால் அழகு, டீக்கடைக்கு உரிந்தால் யாரும் பஜ்ஜி வாங்க மாட்டார்கள்.

என்னிடம் படித்த பையன் ஒருவன், மெழுகுவத்தியை உருக்கி மண்ணெண்ணெயில் கரைத்துப் பூசலாம் என்று யோசனை சொன்னான். மார்க் போடத் தோன்றியது. பழைய காலத்துப் பாலீஷ்களின் சூத்திரமே அதுதான்: மெழுகைக் கரைப்பானில் கரைத்துப் பூச வேண்டும்; கரைப்பான் பறந்துவிடும், மெழுகு தங்கும். ஆனால் மெழுகுவத்தியின் பாரஃபின் மெத்தென்றது, அறுபது டிகிரியை ஒட்டியே இளகிவிடும். சித்திரை மதியத்தில் வண்டியின் கூரை அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் போகக்கூடியது. இளகினால் மறுபடியும் புழுதிக்குப் பசைதான்.

கடைசியில் சரியாகச் சொன்னவர் மரக்காணம் பக்கத்தில் ஃபைபர் படகுக்கு ஒட்டு வேலை செய்கிறவர். சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகிய கரை அது. ஜெல்கோட், ரெசின், மேட் எல்லாம் அங்கே உப்பு, புளி, மிளகாய் மாதிரி புழங்கும் சொற்கள். வண்டியில் விரலை ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “செத்த தோலைத் தேய்ச்சு எடுங்க. அப்புறம் மெழுகு போடுங்க. அப்புறம் நிழல்ல நிறுத்துங்க. மூணாவதை மொதல்லியே செஞ்சிருந்தா மத்த ரெண்டும் இல்ல.”

தேய்ப்பது ஒரு வேலை, மெழுகு பூசுவது வேறு வேலை. நம் ஊரில் இரண்டையும் சேர்த்துப் பாலீஷ் என்று சொல்லிவிடுகிறோம். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வருவது, கெட்ட தோலை உரித்து அடியில் இருக்கும் நல்ல தோலைக் காட்டுவதால். ஒவ்வொரு தேய்ப்பும் அந்த அரை மில்லிமீட்டரிலிருந்து எடுக்கும் கடன். மாதாமாதம் ஆசையாகத் தேய்க்கிறவன் ஒருநாள் கண்ணாடி இழையைப் பார்த்துவிடுவான். மெழுகு அப்படி எதையும் எடுப்பதில்லை. மேலே உட்கார்ந்துகொண்டு பஜ்ஜிப் புகை, காக்கை எச்சம், புழுதி எல்லாவற்றையும் தன் மேல் வாங்கிக்கொண்டு, தான் தேய்ந்து போகும். வெயிலை முழுக்கத் தடுக்காது என்றாலும், புற ஊதாத் தடுப்பு கலந்த வகையாக இருந்தால் ஓரளவு தாங்கும். தன் வேலையே கெட்டுப்போவதுதான் என்று தெரிந்து வேலைக்கு வருகிற பொருள் உலகத்தில் இது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். மாமனார் வீட்டுக்கு மூத்த மருமகனாக வந்த பிறகு இன்னொன்றும் உண்டு என்று தெரிந்தது.

மச்சினன் விழுப்புரம் போய் மெழுகு டப்பா வாங்கிவந்தான். அதில் கார்நாபா என்று போட்டிருந்தது. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை அது. மழை இல்லாத மாதங்களில் உள்ளிருக்கும் ஈரம் போகாமல் காக்கத் தன் ஓலைமேல் தானே மெழுகு பூசிக்கொள்ளும் மரம். ஓலையை வெட்டி, வெயிலில் உலர்த்தி, அடித்து உதிர்த்து, உருக்கி எடுக்கிறார்கள். இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானது இதுதான். உருக எண்பது டிகிரிக்கு மேல் வேண்டும். மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மினுமினுப்புத் தருவதும் இதுவே. விலையைக் கேட்ட மாமியார், ஏரிக்கரையில் வரிசையாக நிற்கும் பனைகளை ஒரு பார்வை பார்த்தார். “இதுங்களும் பனைன்னுதான் பேரு. நொங்கு, கிழங்கு, ஓலைன்னு குடுத்துச்சுங்க, மெழுகு மட்டும் குடுக்கல” என்று ஆதங்கப்பட்டார். அவருக்கு எதிலாவது குறை காணாவிட்டால் காபி இறங்காது.

டப்பாவின் முதுகில் செய்முறை இருந்தது. நன்றாகக் கழுவு, காயவிடு, ஈரமில்லாத குளிர்ந்த பரப்பில், நிழலில், சிறிது சிறிதாகப் பூசு, வெளுத்ததும் மெல்லிய துணியால் துடை. துணிக்குக் குறைவில்லை; பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கிறது. கைக்கும் குறைவில்லை, வாத்தியார் இருக்கிறேன். நிழல்தான் கிடைக்கவில்லை. வெயிலில் பூசினால் மெழுகு உடனே இறுகித் துடைக்க வராமல் திட்டுத் திட்டாக நின்றுவிடும். புளியமரத்தடியில் நிறுத்தினால், பூசி முடிப்பதற்குள் மேலிருந்து காக்கைகள் தங்கள் பங்கைப் பூசின. நெல் மில் கொட்டகையில் இடம் கொடுத்தார்கள். தவிடு பறந்து வண்டி பிட்டுக்கு மாவு பிசைந்த பாத்திரமாகிவிட்டது. விடியற்காலையில் குளிர்ச்சி உண்டு, பனியின் ஈரமும் உண்டு. சாயங்காலம் நிழல் உண்டு, ஆனால் அது டீ நேரம்.

மிச்சமிருந்தது கல்யாண மண்டபத்தின் முன்கூரை. நல்ல உயரம், சிமெண்டுத் தரை, பெரிய நிழல். ஆனால் முகூர்த்த நாளில் அங்கே மாப்பிள்ளை காரைத்தான் நிறுத்துவார்கள். ஆகவே கல்யாணம் இல்லாத மாதம் பார்க்க வேண்டியிருந்தது. ஆடி, அல்லது மார்கழி. மார்கழிக்குப் பனி. ஆடிக்குக் காற்று; அம்மியை நகர்த்தும் காற்று மண்ணை விட்டுவைக்குமா? போதாததற்கு ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூரில் இடுப்பொடிகிற கூட்டம், வண்டி அங்கே இருந்தாக வேண்டும். பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு டிரெய்லருக்கு மெழுகு முகூர்த்தம் குறித்த வேதியியல் வாத்தியார் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆடியில் அமாவாசை கழிந்து காற்று ஓய்ந்த ஒரு காலைப்பொழுது வாய்த்தது.

முகப்பையும் சிவப்புப் பட்டையையும் மச்சினன் அமர்க்களமாகச் செய்தான். வாடிக்கையாளர் நிற்கும் பக்கம் மறுபடி முகம் தெரிந்தது. ‘முடிஞ்சுது’ என்று டப்பாவை மூடப் போனான். நான் ஏணி கேட்டேன்.

“எதுக்கு மாமா?”

“கூரைக்கு.”

“மேல யாரு மாமா பாக்கப் போறா?”

“சூரியன்.”

விஷயமே இதுதான். வண்டியில் அதிகமாகக் கெடுவது கூரை. அடுத்தது, மதியத்துக்கு மேல் வெயில் வாங்கும் மேற்குப் பக்கம். அதிகமாக மெழுகு வாங்குவது, பந்தலடியில் பத்திரமாக இருக்கும் முகப்பு. பார்க்கிறவர்கள் இருக்கும் பக்கத்தையே காப்பாற்றுவது ஃபைபர் வண்டியில் மட்டும் நடக்கிற காரியமில்லை. முன்சுவருக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டு மொட்டைமாடி ஒழுகும் வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஏணியில் நானே ஏறினேன். ஊரில் எவரும் பார்க்காத இடத்துக்கு மூன்று கை மெழுகு போட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த மெழுகுக்குப் பரீட்சை வைத்தது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது, அன்று அமாவாசை. வண்டி மேல்மலையனூர் போகவில்லை, மண்டபத் தூணில் கயிற்றால் கட்டுண்டு கிடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது. தென்பெண்ணை பொங்கி ஊர்களுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தோம். கூரையில் மழைநீர் முத்து முத்தாக உருண்டது. பக்கவாட்டில் அப்பியிருந்த சேறு ஒரு வாளித் தண்ணீரில் இறங்கிவிட்டது. மச்சினன் என் காலைத் தொடப் போனான். அதற்குள் கதவு திறந்தது. உள்ளே கடலைமாவு கூழாகக் கிடந்தது.

மெழுகு பரப்பைக் காக்கும், பொருத்தைக் காக்காது. ஜன்னலைச் சுற்றிய ரப்பர் விறைத்து வெடித்திருந்தது. கூரை ஆணித் துளைகளில் சீலண்ட் சுருங்கியிருந்தது. ஃபைபர் உடம்பில் தண்ணீர் நுழைவது உடம்பு வழியாக அல்ல, மனிதன் போட்ட ஓட்டை வழியாக. பழைய சீலண்டைச் சுரண்டி எடுத்து, புதிதாகப் போட்டு, ரப்பர் மாற்றினோம். கெமிஸ்ட்ரி வாத்தியார் பிளம்பரும் ஆனார்.

அப்போதுதான் மரக்காணத்துக்காரர் சொன்ன மூன்றாவது விஷயத்தை வலியுறுத்தினேன். எல்லா மெழுகிலும் உசத்தியான மெழுகு ஒரு கொட்டகை. நாலு இரும்புக் குழாய், மேலே தகரம்; கார்நாபாப் பனை தன் ஆயுள் முழுக்கச் செய்வதை அது ஒரே நாளில் செய்துவிடும். மச்சினன் வாயே திறக்காமல் கேட்டான். இரண்டு மாதத்தில், சாலையோரம் தன் இடத்தில் அருமையான கொட்டகை போட்டுவிட்டான். ஒரு மின்விசிறிகூட மாட்டியிருந்தான். பெருமையாகப் பார்க்கப் போனேன். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒருவர் டீயோடு சாய்ந்திருந்தார். டிரெய்லர் வெளியே, கூரையில் நடுப்பகல் வெயிலோடு நின்றது.

“வெயில்ல நிக்கிறவன் ஒரு டீ குடிக்கிறான் மாமா, நிழல்ல குந்துறவன் ரெண்டு குடிக்கிறான், பஜ்ஜியும் கேக்கிறான்” என்று கணக்குச் சொன்னான். கணக்கில் தப்பே இல்லை. பிறகு ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்தான். அதே மெழுகு, இந்தத் தடவை பெரிய டப்பா. கூடவே, எனக்கென்று தனியாக வாங்கிய ஏணி.