அட்டைப்பெட்டி அப்பா

நீலகிரியில் எங்கள் கேத்தியில் யார் வீட்டில் புது மிக்ஸி இறங்கினாலும் இரண்டு பேர் வாசலுக்கு வருவார்கள். ஒருவர் எத்தனை ரூபாய், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்க வருபவர். அவரை விடுங்கள், எல்லா ஊரிலும் உண்டு. மற்றவர் மிக்ஸியை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். "பெட்டியைக் கிழிச்சிடாதீங்க" என்பார். அவர்தான் நம்மவர்.

வயது முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவே. அரவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை செய்யலாம், எல்லநள்ளி ஊசிக் கம்பெனிக்குப் போகலாம், பாலாடா பக்கம் கேரட் போட்டிருக்கலாம். உத்தியோகம் முக்கியமில்லை. பத்து வயதுக்குள் இரண்டு பிள்ளைகள் இருக்க வேண்டும், வீட்டில் ஒரு ஃபெவிகால் டப்பா இருக்க வேண்டும். சட்டைப் பையில் பேனா இருக்கிற இடத்தில் ஐஸ்கிரீம் குச்சி இருக்கும். ஐஸ்கிரீமை யார் சாப்பிட்டார்கள் என்று கேட்கக் கூடாது. ஜனவரி உறைபனியில் மங்கி குல்லாவோடு தெருவில் நின்று, இருமிக்கொண்டே குச்சிக்காக ஐஸ்கிரீம் சாப்பிட்டவரை நான் பார்த்திருக்கிறேன்.

என் பக்கத்து வீட்டில் இருப்பவர் இந்த வகையில் முற்றிய சரக்கு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான். போன வருஷம் அந்தச் சுவரில் அவர் ஒரு ஓட்டை போட்டார். தீப்பெட்டி டெலிபோனுக்காக. அந்தப் பக்கம் ஒரு தீப்பெட்டி, இந்தப் பக்கம் ஒரு தீப்பெட்டி, நடுவே இழுத்துக் கட்டிய நூல். பிள்ளைகள் "மாமா, கேக்குதா?" என்றால் எனக்குத் தெளிவாகக் கேட்கும். தீப்பெட்டியும் நூலும் இல்லாமலே அந்த ஓட்டை வழியாகக் கேட்கும் என்பதை இன்றுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஓட்டை போட்ட நாளில் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

இவர் செய்வதெல்லாம் பிள்ளைகளுக்காக. இதை அவரே ஒரு நாளைக்கு நான்கு முறை சொல்வார். ஆனால் கத்தரிக்கோல் மட்டும் பிள்ளைகள் கைக்குப் போகாது. "நீ பிடிச்சுக்கோ, அப்பா வெட்டுறேன்." பிறகு, "நீ தள்ளி நில்லு, அப்பா ஒட்டுறேன்." கடைசியில், "நீ போய்ப் படு, காலையில பாரு." மூத்தவள் நான்காம் வகுப்பு. இந்த வரிசை அவளுக்கு மனப்பாடம். முதல் வாக்கியம் வரும்போதே போர்வையை உதறிவிடுவாள்.

புத்தகங்கள் சமவெளியில் எழுதப்படுகின்றன என்பதுதான் இவருக்கு வாய்த்த முதல் எதிரி. ஜூலை மாதம் 'சூரிய அடுப்பு செய்வோம்' என்றொரு பாடம் வரும். ஜூலையில் கேத்தியில் எதிர்வீடே தெரியாது. மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து சோபாவில் உட்காரும். இவர் அதற்கெல்லாம் அசருகிறவரா? ஊரிலுள்ள பிஸ்கட் பாக்கெட்டுகளின் வெள்ளித்தாளையெல்லாம் பிரித்துப் பெட்டிக்குள் ஒட்டினார். மேலே கண்ணாடி. உள்ளே ஒரு கிண்ணத்தில் அரிசியும் தண்ணீரும். காலை பத்து மணிக்கு மொட்டை மாடியில் வைத்தார். குடும்பமே குடை பிடித்துக்கொண்டு சுற்றி நின்றது. மாலை நான்கு மணிக்குத் திறந்தபோது அரிசி நன்றாக ஊறியிருந்தது. அவர் மனைவி பேசாமல் கிண்ணத்தை வாங்கிப்போய் உளுந்து சேர்த்து அரைத்துவிட்டார். எங்கள் ஊர்க் குளிரில் மாவு புளிக்க இரண்டு நாளாகும், பாத்திரத்தைக் கம்பளி சுற்றி வைத்தாலும். மூன்றாம் நாள் எனக்கும் இரண்டு தோசை வந்தது. "சூரிய அடுப்பு தோசை சார்" என்று அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டாவது எதிரி பிளாஸ்டிக். இந்தியாவில் வேறெந்த மாவட்டத்து அப்பாவும் காலி தண்ணீர் பாட்டிலுக்காக ஏங்கியிருக்க மாட்டார். நீலகிரியில் 2019-லிருந்து தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. நல்ல தடைதான், பள்ளத்தாக்கு அதனால்தான் பார்க்கும்படி இருக்கிறது. அவரும் அதை மனதார ஆதரிப்பவர். ஆனால் பாட்டில் ராக்கெட்டை எதில் செய்வது? மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த மைத்துனரிடம் மூன்று பாட்டில் சொல்லிவிட்டார். செக்போஸ்ட்டில் பையைத் திறந்தார்கள். தண்ணீரோடு இருந்தாலாவது குழந்தை குடிக்க என்று சொல்லலாம். காலி பாட்டிலை எதற்கு மலையேற்றுகிறாய் என்று கேட்டதற்கு மைத்துனர், "மாமா ராக்கெட் விடறதுக்கு" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். பாட்டில்கள் அங்கேயே நின்றுவிட்டன. அதற்குப் பிறகு அந்த மைத்துனர் வரும்போது வர்க்கி மட்டும் வாங்கி வருகிறார், அதுவும் குன்னூர் வந்து சேர்ந்த பிறகு.

கேரட் மெஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேத்தி பாலாடா பக்கம் போனால் பார்க்கலாம்: தோட்டத்திலிருந்து மண்ணோடு வரும் கேரட்டைப் பெரிய உருளைக்குள் கொட்டிச் சுழற்றித் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள். உள்ளே போகும்போது சேறு, வெளியே வரும்போது ஆரஞ்சு நிறத் தீக்கொழுந்து. பிறகு மூட்டையாகி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும். சின்னவன் ஒன்றாம் வகுப்பு. ஒரு நாள் அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். வாய் பிளந்தது பையன், கெட்டது அப்பா. இரண்டே வாரத்தில் வீட்டுக் கேரட் மெஷின் தயார். காலி பெயிண்ட் டின்னில் ஆணியால் ஓட்டை, பழைய சைக்கிள் செயின், சுற்றுவதற்குக் கைப்பிடி. அதற்கு அச்சாணி வேண்டுமே? அவருடைய அம்மா ஸ்வெட்டர் பின்னும் ஊசியில் ஒன்றை உருவிக்கொண்டார். எல்லநள்ளியில் செய்த போனி ஊசி, வளையவே வளையாது என்று எனக்கு விளக்கம் வேறு. 1949-ல் தொடங்கிய கம்பெனி அது. ஊசி எதற்கெல்லாம் பயன்படும் என்று அவர்களே யோசித்திருக்க மாட்டார்கள். பாட்டி ஒற்றை ஊசியோடும் அரைக் கையோடும் நின்றுபோன ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு, "டேய், நான் எதுல பின்றது?" என்று கேட்டது இரண்டு வீட்டுக்கும் கேட்டது. ஓட்டைதான் இருக்கிறதே.

மெஷின் நன்றாகவே ஓடியது. அரைக் கிலோ கேரட், நான்கு குடம் தண்ணீர், சுற்ற ஒரு ஆள், ஊற்ற ஒரு ஆள், தெறித்த சேற்றைச் சமையலறையில் துடைக்க அவர் மனைவி. "குழாயடியில காட்டினா ஒரு நிமிஷம் அண்ணா" என்றார் அந்தம்மா என்னிடம். அவர் குரலில் கோபம் இல்லை. கோபமெல்லாம் கல்யாணமான மூன்றாவது வருஷத்தோடு தீர்ந்துவிட்டதாம்.

ரயில் விவகாரத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் மூத்தவளின் பள்ளியில் 'எங்கள் ஊர் ரயில் நிலையம்' என்று மாதிரி செய்து வரச் சொன்னார்கள். ஒரு நிலையம், ஒரு பெயர்ப்பலகை, முடிந்தால் ஒரு ரயில். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அவள் இதை வீட்டில் சொல்லாமல் மறைத்திருந்தாள். நோட்டுப் புத்தகத்தில் இருந்ததை வெள்ளிக்கிழமை இரவு அவரே கண்டுபிடித்துவிட்டார்.

"கேத்தி ஸ்டேஷன்னா, ரயில் எங்கிருந்து வருது? மேட்டுப்பாளையத்துலேர்ந்து. அப்போ அங்கேருந்துதான் ஆரம்பிக்கணும்" என்றார்.

சனிக்கிழமை காலை என்னிடமிருந்த பழைய காலண்டர் அட்டைகள் போயின. பேச்சும் கூடவே வந்தது. இந்தப் பாதையை 1854-லேயே யோசித்தார்கள் சார், மலையைப் பார்த்துத் திகைத்துப்போய் வேலையை 1891-ல்தான் தொடங்கினார்கள், குன்னூர் வரை 1899, ஊட்டி வரை 1908. நாற்பத்தாறு கிலோமீட்டரில் 208 வளைவு, 250 பாலம், 16 குகை. சரி சார், குகைக்கு டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டை உருளை உங்கள் வீட்டில் எத்தனை இருக்கும்? நாங்கள் செம்பு உபயோகிக்கிறவர்கள் என்றேன். முகம் வாடிவிட்டது.

ஆனால் அவருடைய உயிர் குகையில் இல்லை, பல்லில் இருந்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே ஏற்றம் அதிகம். பன்னிரண்டடி போவதற்குள் ஒரு அடி ஏறுகிற இடமெல்லாம் உண்டு. வெறும் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும். அதனால் நடுவில் பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்கு இடைவெளி. இஞ்சினின் பல்சக்கரம் எப்போதும் ஏதாவதொரு பல்லைப் பிடித்துக்கொண்டே ஏறும். சுவிட்சர்லாந்துக்காரரான ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை. பழைய நீராவி இஞ்சின்களும் அங்கே விண்டர்தூரில் செய்தவை, புதியவை திருச்சி பொன்மலையில். "கேத்தியைத் தென்னிந்தியாவின் சுவிட்சர்லாந்துன்னு சும்மா பேருக்குச் சொல்றாங்க சார். சுவிட்சர்லாந்து நமக்குத் தந்தது பல்லு" என்றார்.

அட்டையில் பல் வெட்டிப் பார்த்தார். மழைக்கால ஈரத்தில் அட்டை அப்பளம் போல் நமத்துப் பல் விழுந்தது. ஃபெவிகாலும் காயவில்லை, எங்கள் ஊரில் ஜூனில் ஒட்டியது ஆகஸ்டில் காயும். ஞாயிறு காலை அவர் வீட்டில் ஒரு கூச்சல்.

"என்னங்க, சீப்பு எங்க? உங்கம்மா சீப்பையும் காணோம்!"

"கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவுல இருக்கு."

போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே அழகாக இருந்தது. இரண்டு சீப்புகளும் பக்கத்தில் பக்கத்தில், பல் மாற்றிப் பல், அரை இடைவெளி தள்ளி. அவருடைய அம்மா கொண்டையை விரலால் கோதிக்கொண்டே, "ரெண்டு சீப்பு இல்லாம ஏறாதா அந்த ரயிலு?" என்றார். "ஒண்ணு வச்சா பல்லு விட்டுப் பல்லு புடிக்கும்போது இடி இடிக்கும்மா" என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

மூத்தவள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். "அப்பா, பல்லு குன்னூரோட முடிஞ்சிடுதில்ல? நம்ம ஊருக்கு வரும்போது டீசல் இஞ்சின்தானே? டீச்சர் நம்ம ஸ்டேஷன்தான் கேட்டாங்க."

கேத்திக்குப் பல்சக்கரப் பாதை கிடையாது. குன்னூரிலிருந்து வெல்லிங்டன், அரவங்காடு தாண்டி வரும் ரயில் சாதாரணத் தண்டவாளத்தில்தான் வருகிறது. அவருக்கு இது தெரியாதா? ஒரு நிமிஷம் சீப்பைப் பார்த்தார். "குன்னூர் வரைக்கும் வந்துட்டா கேத்தி தானா வந்துடும்மா. நீ போய்ப் படு" என்றார். மணி காலை பதினொன்று.

ஞாயிறு இரவு பத்து மணிக்கு ரயில் குன்னூருக்குக் கீழே இருக்கும் ஹில்குரோவைத் தாண்டவில்லை. நான் கட்டிலில் படுத்திருந்தேன். சுவரில் தீப்பெட்டி ஆடியது. எழுந்து நூலை இழுத்துப் பிடித்துக் காதில் வைத்தேன்.

"மாமா, ஃபோனை எடுத்துடுங்க. ஓட்டையிலயே பேசறேன்" என்றாள் மூத்தவள், கிசுகிசுப்பாக. "உங்க வீட்ல செருப்புப் பெட்டி இருக்கா? சின்னது போதும். நாலு தீப்பெட்டி எங்கிட்ட இருக்கு. போர்டு எழுதி வச்சிட்டேன், மஞ்சள் கலர். அப்பாகிட்ட சொல்லாதீங்க."

"பெட்டி ஓட்டை வழியா வராதே?"

"பிரிச்சுச் சுருட்டி விடுங்க. நான் ஒட்டிக்குவேன்."

பீரோ மேலிருந்த பெட்டியை எடுத்துச் சத்தமில்லாமல் பிரித்துச் சுருட்டினேன். பாதி சுவருக்குள் போயிருக்கும், வாசல் கதவைத் தட்டும் சத்தம்.

"சார், தூங்கிட்டீங்களா? ஹில்குரோவுக்கு ஒரு பிளாட்பாரம் வேணும். செருப்புப் பெட்டி ஏதாவது இருக்குமா?"