மாமாவின் ஃபோர்வீலும் டெக்சஸ் கொக்கியும்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் கையில் கைப்பேசி இருந்தால் வீட்டுக்கு மட்டும்தான் தொல்லை. கூடவே ஒரு ஹைலக்ஸும் இருந்துவிட்டால் ஊருக்கே தொல்லை. ராசாவில் இருக்கும் என் மாமா ஆடு வளர்க்கிறார். பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத்துத் தோட்டங்களில் எந்த முனியாண்டிக்குப் படையல் என்றாலும் கிடா மாமாவுடையது. ஆட்டை ஏற்றிப்போக ஒரு டிரெய்லர் வேண்டும் என்று ஆசைப்பட்டதில் தப்பில்லை. ஆனால் அதற்கு அவர் யோசனை கேட்டது டெக்சஸ்காரனின் வீடியோவிடம்.

அந்த ஊரில் டிரெய்லரைப் பின்பம்பரில் மாட்டுவதில்லையாம். ஃபோர்வீலின் பின்பெட்டிக்கு நடுவில் ஓர் இரும்புப் பந்து. அன்னக் கழுத்தாக வளைந்து வரும் டிரெய்லரின் முனை மேலிருந்து இறங்கி அதைக் கவ்விக்கொள்கிறது. மாமா சொக்கிப்போனார்.

“மாப்ளே, நமக்கும் இதேதான் லா வேணும்!”

காரணம் இல்லாமல் அவன் அப்படி வைக்கவில்லை. பாரம் முழுக்கப் பம்பருக்குப் பின்னால் தொங்கினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கும், ஸ்டீயரிங் கைக்கு லேசாகிவிடும். பந்து பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சில அங்குலம் முன்னே இருந்தால் முன் சக்கரங்களும் சுமையில் கொஞ்சம் பங்கு வாங்கிக்கொள்ளும். இந்தச் சில அங்குலத்தைத் தீர்மானிக்கத்தான் பழைய ஈப்போ ரோட்டோரத்து வெல்டிங் கடையில் ஒரு மாநாடு கூடியது.

கோயில் தலைவர் வந்தார். எதிர்க் கோஷ்டித் தலைவரும் வந்தார். பந்தை முன்னே தள்ளு என்றார் ஒருவர். அவர் சொன்ன ஒரே காரணத்துக்காகப் பின்னே தள்ளு என்றார் மற்றவர். தேத்தண்ணி வந்தது, மறுபடியும் வந்தது. டிராக்டர் ஓட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர்தான் விஷயத்துக்கு வந்தார்.

“முன்ன பின்னங்கிறது இருக்கட்டும். உயரத்த பாத்தீங்களா? டிராக்டர்ல அச்சுக்கு மேல சங்கிலிய கட்டி இழுத்தா மூக்கு எந்திரிச்சி, ஓட்டுறவன் மேலயே மல்லாக்க கவுந்துரும்.”

“அண்ணே, இது டிராக்டர் இல்ல, ஹைலக்ஸ்!”

“கவுந்தா ரெண்டும் இரும்புதான்.”

அவர் பேச்சைத் தள்ள முடியாது. கோல சிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை வணிகப் பயிராக நட்டது முதல், இழுப்பதும் ஏற்றுவதும்தான் இந்த வட்டாரத்தின் பிழைப்பு. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேராவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் போய்விடும். ஃபொக்கோனியே பிறகு நாவல் எழுதி 1930-இல் கோன்கூர் பரிசு வாங்கினார். குலை தூக்கியவர்கள் முதுகுவலி வாங்கினார்கள்.

பேச்சு ஓயட்டும் என்று காத்திருந்த கடைத் தவுக்கே, டேப்பை எடுத்துக்கொண்டு பெட்டிக்குள் ஏறினார். அளந்தார். சிரித்தார். கணக்கு ரொம்பச் சின்னது. எட்டடி அகல டிரெய்லர் செங்குத்தாகத் திரும்ப வேண்டுமானால், பந்துக்கும் டிரைவர் அறையின் பின்கண்ணாடிக்கும் நடுவில் அதன் பாதி அகலம், அதாவது நாலடி, அதற்கு மேலும் கொஞ்சம் வேண்டும். டெக்சஸ்காரனின் பெட்டியே எட்டடி நீளம். நாலு கதவு ஹைலக்ஸின் பெட்டி ஏறக்குறைய ஐந்தடி. அச்சு அதன் நடுவாக்கில் வருகிறது. முதல் சந்திப்பிலேயே டிரெய்லரின் மூலை பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு மாமாவிடம் நலம் விசாரிக்கும். திரும்பும்போது பின்னுக்கு நகர்ந்து கொடுக்கும் கொக்கியும் உண்டு என்றேன். அதன் விலையைத் தேடிப் பார்த்த மாமா, பம்பரே அழகு என்று சொல்லிவிட்டார். சேஸிஸில் துளை போட ஜேபிஜே அனுமதி பற்றிய பேச்சுக்கே அவசியம் வரவில்லை.

பம்பருக்குக் கீழே பந்து வந்தது, சிறிய டிரெய்லரும் வந்தது. அதன் பிறகுதான் அசல் சிக்கல். இந்த வகை டிரெய்லரில் மொத்த எடையின் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் உட்கார வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். சிமெண்டு மூட்டை என்றால் வைத்த இடத்தில் இருக்கும். ஆடு இருக்குமா? மாமா கிளம்பியதும் ஆடுகள் அத்தனையும் பின்கதவோரம் போய் நின்று வேடிக்கை பார்த்தன. பத்தாங் காலிக்குப் போகும் வழியில் டிரெய்லர் ஆடிய ஆட்டத்தில், பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஓரங்கட்டி நின்று கும்பிட்டாராம்.

மறுபடியும் மாநாடு கூடவிருந்த நேரத்தில் அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“கொழுத்த கிடாவ எல்லாம் முன்னால கட்டுங்க, குட்டிங்கள பின்னால விடுங்க, நடுவுல ஒரு பலகைய அடிங்க. இதுக்கு எதுக்கு இத்தன தேத்தண்ணி?”

சுமையில் ஆறு பங்கு டிரெய்லர் அச்சுக்கு முன்னும் நாலு பங்கு பின்னும் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க டிரெய்லர் இழுப்பவர்களின் கணக்கு. அத்தை எந்த வீடியோவும் பார்த்ததில்லை. மாமா பேசாமல் பலகை அடித்தார். இப்போது வண்டி நேராகப் போகிறது. முன்வரிசையில் நிற்கும் பெரிய கிடா படையலுக்குப் போனதும், அடுத்த பெரிய கிடாவுக்கு அந்த இடம் கிடைக்கிறது. இதுவரை பதவி உயர்வு பெற்ற எந்தக் கிடாவும் அடுத்த மாதச் சம்பளம் வாங்கியதில்லை.