கையியல்: ஒரு நூற்பாவும் அதன் உரையும்

‘இருந்தும் இல்லாதது நல்ல கை.’

என்பது நூற்பா. யாத்தவர் அடியேன், உரை வகுப்பவரும் அடியேனே. இரண்டையும் ஒருவரே செய்துவிட்டால் பாடபேதத் தகராறு வராது.

இவ்வியல் என்ன நுதலிற்றோ எனின், டர்ன்டேபிளில் ஒழுங்காகப் பாடிக்கொண்டிருக்கும் டோன் ஆர்ம் என்னும் கையைக் கழற்றிவிட்டு, அதனினும் விலைகூடிய ஒன்றைப் பொருத்துமாறு உணர்த்துதல் நுதலிற்று. ‘இருந்தும்’ என்றது, ஊசி பூட்டிய கார்ட்ரிட்ஜைத் தாங்கியிருத்தலின். ‘இல்லாதது’ என்றது, தான் அதிராமலும் உரசாமலும் தன் குரலைப் பாட்டில் கலக்காமலும் ஒதுங்குதலின். ஆகவே கூடுதல் பணம் கொடுத்து நாம் பெறுவது, கூடுதலாகச் சும்மா இருத்தல். இந்நிலையைச் சித்தர்களும் நாடினர். அவர்களுக்குச் சுங்கவரி இல்லை.

இனிப் பிழை. இசைத்தட்டின் மூலத்தை வெட்டும் ஊசி நேர்கோட்டில் நகர்கிறது. வீட்டுக் கையோ ஒரு முளையில் சுழன்று வில்போல் வளைந்து வருகிறது. நேராக எழுதியதைச் சாய்ந்து படித்தால் சுருதி பிசகாது, ஆனால் ஓசை சற்றே கரகரக்கும். இக்கோணலைக் குறைக்கும் கணக்கை 1938-இல் லோஃப்கிரெனும் 1941-இல் பேர்வால்டும் போட்டுவிட்டார்கள். எல்பி தட்டு வந்ததே 1948-இல்தான். அது பிறக்குமுன் தீர்ந்த வழக்குக்கு இன்றும் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறோம். ஒழுங்காகப் பொருத்திய 9 அங்குலக் கையில் கோணல் ஏறக்குறைய 2 பாகைக்குள் அடங்கும். 12 அங்குலக் கையில் ஒன்றரைக்குள். அந்த அரைப் பாகைக்காக நீட்டினால் கை கனக்கும், பெட்டியின் மூடி சாத்தாது, பல்லி வந்து குடியேறும். 1972-இல் டென்மார்க்கின் பேங் அண்ட் ஒலுஃப்சன், கையையே நேர்கோட்டில் நகரவிட்டு வளைவை ஒழித்தது. மோட்டாரும் மின்சுற்றும் சேர்ந்த கை சும்மா இருப்பதாகச் சொல்ல முடியாதாகையால் அது நம் நூற்பாவுக்குப் புறனடை.

அடுத்தது பொருத்தம். இதில்தான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. கையின் நிறை 12 கிராம் (தராசு காட்டும் எடை அன்று, ஊசி உணரும் சுமை), கார்ட்ரிட்ஜ் 6 கிராம், ஊசியின் இளக்கம் 15 என்று கொள்க. 18-ஐ 15-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதனால் 159-ஐ வகுத்தால் 9.7 ஹெர்ட்ஸ்; கையும் ஊசியும் சேர்ந்து தாமாக அதிரும் அலைவெண் இது. எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே நின்றால் உத்தமம். கீழே இறங்கினால் தட்டின் நெளிவோடு சேர்ந்து கையும் ஆடும். மேலே ஏறினால் பாட்டுக்குள் மூக்கை நுழைக்கும். டெனான் டிஎல்-103 போன்ற விறைத்த ஊசிக்குக் கனத்த கையைத்தான் கட்டிவைக்க வேண்டும். பெண்ணைப் பார்க்காமல் மாப்பிள்ளையின் பளபளப்பை மட்டும் பார்த்து முடிப்பவர், பிறகு கார்ட்ரிட்ஜையும் மாற்றுவார். அதற்கேற்ப ஃபோனோ பெருக்கியையும். இதைச் சங்கிலிப்பொருள்கோள் என்க.

எக்கை கொள்வது? இங்கிலாந்தின் எஸ்எம்இ, மாதிரிப் பொம்மைகளுக்கு உறுப்புச் செய்யத் தொடங்கிய பட்டறை. அதன் நிறுவனர் ராபர்ட்சன்-எய்க்மன் தம் வீட்டுக்கென்று செய்துகொண்ட கை, 1959-இல் விற்பனைக்கு வந்தது. 2019 இறுதியில் கையைத் தனியே விற்பதை நிறுத்திவிட்டார்கள். அப்போது உடம்பையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டியதாயிற்று. ரீகா 1983-இல் ஆர்பி300-இன் குழாயை ஒரே அலுமினிய வார்ப்பாகச் செய்தது. மூட்டு இல்லாதவனுக்கு மூட்டுவலி இல்லை. எளியவர்க்கு இதுவே போதும் என்பது என் கட்சி. நான் அதன்படி நடக்கவில்லை என்பது வேறு.

கள ஆய்வு ஒன்றும் நிகழ்த்தினேன். ஒரே தட்டு, ஒரே பக்கம், பழைய கையில் ஒருமுறை, புதிய கையில் ஒருமுறை. இடையில் திருகாணி தேடியது உட்பட ஒன்றரை மணி நேரம் போனதால், ஒப்பிட்டது காதா நினைவா என்பது ஐயத்துக்கு உரியது. வயலின் முன்னே வந்தது, மிருதங்கத்தின் தொப்பி இறுகியது என்று சத்தமாகவே பதிவு செய்தேன். சமையலறையிலிருந்து ஒரு தடை எழுந்தது:

“போன கை வாங்கினப்பவும் இதையேதானே சொன்னீங்க?”

இத்தடைக்கு விடையாவது,

(இவ்விடத்தில் ஏடு சிதைந்துள்ளது.)