கண் சிமிட்டலுக்கு ஸ்கேன் எடுக்கலாமா?

கே: எட்டு வயது மகன் ஓயாமல் கண்ணைச் சிமிட்டுகிறான். கண் டாக்டர், ‘கண்ணில் கோளாறே இல்லை’ என்கிறார். தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாமா?

ப: எடுத்தால் ஸ்கேன் சென்டருக்கு நல்லது. இந்தச் சிமிட்டல் மாதிரி திடீர் திடீரென்று திரும்பத் திரும்ப வரும் அசைவுக்கும் சத்தத்துக்கும் ‘டிக்’ என்று பெயர். அதைக் காட்டிக்கொடுக்கும் ஸ்கேனும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. வலிப்போ வேறு நரம்புக் கோளாறோ என்ற சந்தேகம் வந்தால்தான் அதெல்லாம். டாக்டர் வாயால் கேட்டே கண்டுபிடிக்கிறார். எப்போது ஆரம்பித்தது? நடுவில் சில வாரம் காணாமல் போனதா? கண்ணை விட்டு மூக்குக்கோ தோளுக்கோ மாறியதா? கொஞ்ச நேரம் அடக்கிக்கொள்ள முடிகிறதா? வருவதற்கு முன் அந்த இடத்தில், தும்மலுக்கு முந்தைய குறுகுறுப்பு மாதிரி ஏதாவது? கடைசி இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். பொடிசுகளுக்கு அந்தக் குறுகுறுப்பைச் சொல்லத் தெரியாது, வற்புறுத்தாதீர்கள்.

கே: வீட்டில் நாள் முழுக்கச் சிமிட்டுகிறவன், டாக்டர் முன்னால் புத்தர் மாதிரி உட்கார்ந்துவிட்டான். பொய் சொன்னது நான் என்று ஆகிவிட்டது!

ப: டிக் தெரிந்த டாக்டர் உங்களைத்தான் நம்புவார். அடக்க முடிவதே அதன் லட்சணம். டிவி பார்க்கும்போது சத்தமில்லாமல் செல்போனில் வீடியோ எடுத்துக் கொண்டுபோங்கள். ‘எங்கே, சிமிட்டு பார்ப்போம்’ என்று மட்டும் கேட்காதீர்கள். பேச்சை எடுத்தாலே வந்து நிற்கும்.

கே: ‘டூரெட்’ என்றால் கெட்ட வார்த்தை பேசும் வியாதிதானே?

ப: சினிமா அதிகம் பார்க்கிறீர்கள். டூரெட்டும் டிக் வகைதான். அது உள்ளவர்களில் அப்படிப் பேசுகிறவர்கள் பத்தில் ஒருவர், கொஞ்சம் கூட இருக்கலாம். பழி மட்டும் பழசு. 1885-ல் பாரிஸில் டாக்டர் ஜில் த லா டூரெட் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, சபையில் வசவு உதிர்த்த ஒரு சீமாட்டியையும் சேர்த்துக்கொண்டார். அவரைப் பற்றி இடார் என்ற மருத்துவர் 1825-லேயே எழுதிவைத்திருந்தார். டூரெட் என்று சொல்ல இன்றைய கணக்கில் வசவு தேவையே இல்லை: குறைந்தது இரண்டு அசைவு டிக், ஒரு குரல் டிக் (செருமல், உறிஞ்சல் போதும்), 18 வயதுக்குள் தொடக்கம், முதல் டிக் வந்து ஓராண்டு தாண்டியிருக்க வேண்டும். எல்லாம் ஒரே சமயத்தில் வர வேண்டியதில்லை. ஓராண்டு ஆகவில்லையா? ‘தற்காலிக டிக்’ என்றுதான் எழுதுவார்.

கே: என் 15 வயது மகள் போன வாரம் திடீரென்று கையை வீசி ஏதேதோ கத்த ஆரம்பித்தாள். ரீல்ஸ் பார்த்து நடிக்கிறாளா?

ப: நடிப்பு என்று முத்திரை குத்தாதீர்கள். வழக்கமான டிக் பெரும்பாலும் நாலு, ஐந்து, ஆறு வயதில் முகத்தில் மெல்லத் தொடங்கும், பையன்களிடம்தான் அதிகம். பதின்வயதுப் பெண்ணுக்கு ஒரே வாரத்தில் பெரிய அசைவாக வந்தால், டாக்டர் வேறு வழியிலும் யோசிப்பார். கொரோனா காலத்தில் பல நாடுகளில் இப்படி நிறையப் பெண்கள் வந்தார்கள். அவஸ்தை நிஜம், வைத்தியம் வேறு. அதனால்தான் பெயரைச் சரியாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கே: ‘ரெண்டு போடு, நின்றுவிடும்’ என்கிறார் மாமியார்.

ப: போட்டால் பையனுக்கு அழுகையும் சேர்ந்து வரும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள்.