பஞ்சு ஒட்டின செம்மறி

தம்பி, உந்தப் பெட்டிக்குள்ளை என்ன? பசைப் போத்தல், மினுமினுப்புத் தூள், கலர்க் கடதாசி, ஐஸ்பழக் குச்சி, ஒரு பை பஞ்சு. வேதாகமம் எங்கையடா மோனை? அடியிலையோ? சரி, கிடக்கட்டும். பாரம் தாங்கும்.

நான் திருநீறு பூசிற கிழவன். நாகபூசணி அம்மன்ரை மணிச் சத்தத்திலை கண் முழிக்கிறவன். வேதக்காரற்றை ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலை இவருக்கென்ன சோலி எண்டு நினைப்பாய். இருக்குது. எங்கடை ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடை இருந்து பைபிளைத் தமிழாக்க உதவினவர். பேந்து 1848 இலை வண்ணார்பண்ணையிலை சைவப் பள்ளிக்கூடம் வைக்கேக்கை, பாதிரிமார் படிப்பிச்ச விதத்தையும் பாத்துப் படிச்சுத்தான் வைச்சவர். உங்களிட்டைக் கடன்பட்டனாங்கள். வட்டிக்கு ரெண்டு புத்தி சொல்லட்டோ?

காணாமல் போன ஒரு ஆட்டைத் தேடிப் போன நல்ல மேய்ப்பன் கதை சொல்லப் போறாய். அதுக்குக் கடதாசித் தட்டிலை பஞ்சை ஒட்டி ஒரு ஆடு. எங்கடை யாழ்ப்பாணச் செம்மறியைக் கண்ணாலை கண்டிருக்கிறியோ? அதுக்குக் கம்பளியே இல்லை. கட்டை மயிர்தான். ஊர்காவற்துறைப் பிள்ளை உன்ரை பஞ்சு உருண்டையைப் பாத்து, ஆற்றையோ தலையணை பிஞ்சு போச்செண்டு நினைக்கும். அந்தப் பிள்ளை பொழுதுபடேக்கை ஒரு ஆடு குறையுதெண்டு வடலிக்குள்ளை தேடி ஓடினதாய் இருக்கும். அதுக்கு நீ மேய்ப்பனை விளங்கப்படுத்தப் போறியோ? கதையை மட்டும் சொல்லிப் பார். "அவர் ஒண்டைத் தேடிப் போக, மிச்சம் 99 ஐயும் ஆர் பாத்தது?" எண்டு கேக்கும். மறுமொழி வைச்சிருக்கிறியோ? பசை காயிற நேரத்திலை யோசிச்சு வை.

மிஞ்சின பஞ்சு எங்கை போகுதெண்டும் எனக்குத் தெரியும். நத்தாருக்குப் பாலன் குடிலிலை பனியாய்க் கொட்டுப்படும். வெளியிலை மாரிமழை ஊத்துது, வாடைக்காத்து கூரையைப் பிடுங்குது, உள்ளுக்கை பனி!

எங்கடை நயினாதீவிலை கதைக்குப் பஞ்சமோ? நாக அரசர் ரெண்டு பேர் ஒரு மணி ஆசனத்துக்கு அடிபட, புத்தர் வந்து சமாதானம் பண்ணினாரெண்டு மகாவம்சம் சொல்லுது. மணிமேகலையின்ரை மணிபல்லவமும் இதுதானெண்டு சொல்லுவினம். அம்மனுக்குப் பூக் கொண்டு நீந்தி வந்த பாம்பைக் கருடன் மறிச்ச கதையை எனக்கு ஆச்சி சொன்னவ. சொல்லிப்போட்டுக் கையை நீட்டினா: "உது பாம்பு சுத்தின கல்லு. அது கருடன் கல்லு." வேறையொண்டும் இல்லை. கத்திரிக்கோலும் இல்லை. கிழவனாகியும் மறக்கேல்லை.

உங்கடை ஆக்களும் முந்தி அப்பிடித்தானே? 1705 இலை கோவாவிலையிருந்து வந்த கொன்சால்வெஸ் சுவாமி தமிழ் படிச்சு வியாகுலப் பிரசங்கம் எழுதினவர். தபசு காலத்திலை அதை வாசிக்கக் கேட்டு அழுத கனபேருக்கு எழுத்தே தெரியாது. அதுகள் தட்டிலை என்னத்தை ஒட்டினதுகள்? கூத்துப் பாத்த பெடியனுக்கு மூவிராசாக்களின்ரை பாட்டு முழுக்க வாயிலை வரும். இங்கிலாந்திலை 1780 இலை றொபேட் றெயிக்ஸ் எண்டவர் ஞாயிறு பள்ளிக்கூடம் நடத்தினதும் எதுக்கு? கிழமை முழுக்க வேலை செய்யிற ஏழைப் பிள்ளையளுக்கு எழுத வாசிக்கக் காட்ட. மினுமினுப்புத் தூள் எந்தச் சபை தொடக்கினதோ, நீதான் கண்டுபிடிச்சுச் சொல்லோணும்.

கைவேலை வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை, கண்டியோ. சின்னப் பிள்ளையின்ரை கை சும்மா இராது. ஆனால் வேலை கதைக்குள்ளையிருந்து வரோணும். நோவாவின்ரை பேழை 300 முழம் நீளம், 50 முழம் அகலம், 30 முழம் உயரம். முழமெண்டால் என்ன? முழங்கையிலையிருந்து விரல் நுனி. அது பிள்ளையிட்டையே இருக்குது. ஒரு கயிறு குடுத்துக் கடற்கரையிலை அளக்க விடு. 50 ஆவது முழத்திலை மூச்சு வாங்கும், 300 எண்டால் என்னெண்டு அப்ப விளங்கும். உள்ளையும் வெளியையும் கீல் பூசச் சொன்னதேனெண்டு வள்ளம் திருத்திற அப்புவைக் கேக்கச் சொல்லு. அவர் ஒரு மணித்தியாலம் கதைப்பார். உனக்கு வேலை மிச்சம்.

குருத்தோலை ஞாயிறுக்கு ஓலையிலை சிலுவை பின்னுதுகளே, அதுக்குப் பசை பூசினதை ஆரும் கண்டதுண்டோ?

நீயோ சனிக்கிழமை முழுக்க முப்பது ஆடு வெட்டுறாய். ஞாயிறு கதைக்கு அஞ்சு நிமிசம், ஒட்டுறதுக்கு முக்கால் மணித்தியாலம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பேந்து படம் எடுத்துக் கனடாவிலை இருக்கிற மாமிக்கு அனுப்புறாய். மாமி "வடிவு" எண்டு எழுதுவா. மாமிக்கோ பாடம் நடந்தது?

யேசுநாதர் சொன்ன கதையளைக் கொஞ்சம் பார். விதை, மீன், புளிச்ச மா, விளக்கு, காணாமல் போன காசு. எல்லாம் கேட்டவையின்ரை வீட்டிலை கிடந்த சாமான். நீ மட்டும் ஏன் கொழும்பிலையிருந்து இறக்குறாய்?

வாற ஞாயிறு வலையின்ரை உவமையை எடு. வலை நிறைய வாரிக்கொண்டு வந்து, கரையிலை இருந்து நல்லதைக் கூடையிலை போட்டுக் கெட்டதை எறியிற கதை. பிள்ளையளைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போ. மீன் தெரியிற இடத்திலை நிக்க வை. வாயை மூடிக்கொண்டு நீயும் நில். எதைக் கூடையிலை போடுகினம், எதை எறியினம் எண்டு அதுகள்தான் உனக்குச் சொல்லுங்கள். பேந்து வேதாகமத்தைத் திறந்து வாசி. வீட்டுக்குப் போன பிள்ளையைத் தாய் கேப்பா, இண்டைக்கு என்ன படிச்சனியெண்டு. "தட்டிலை மீன் ஒட்டினனாங்கள்" எண்டால் உன்ரை வகுப்பு தோத்துப் போச்சு. "பேத்தை மீனை ஏன் எறிஞ்சவை தெரியுமோ அம்மா?" எண்டு அது திருப்பிக் கேட்டால், குறிகட்டுவானிலை படகேறி நயினாதீவுக்கு வா. தேத்தண்ணி என்ரை செலவு.