இடம் இருக்குக்காரர்

இடம் இருக்குக்காரர் எப்போதும் அளந்துதான் காரோட்டுகிறார் என்பதை அவரைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வர். எதைக் கொண்டு அளக்கிறார் என்பதில்தான் சிக்கல். ஆக்லாந்தின் கிளென்ஃபீல்ட் சாலையின் ஏற்றத்தில் ஒருவர் மூச்சு வாங்கச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருப்பதைக் கண்டால், அவர் வேகத்தைக் குறைப்பதில்லை, வலப்புறம் ஒதுங்குவதுமில்லை. கண்ணை ஒருமுறை இடுக்கி, "இடம் இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார். படிக்கட்டில் எட்டுப் பேர் தொங்கும் சென்னைப் பேருந்தில் நடத்துநர் "உள்ளே போ, இடம் இருக்கு" என்று கூவுவாரே, அந்த மரபில் வந்த இடம் இது. ஒன்று மற்றொன்றின்மேல் உரசாத வரையில் இரண்டுக்கும் நடுவே இடம் உண்டு என்பதே அதன் இலக்கணம்.

நியூசிலாந்தில் வண்டிகள் இடப்புறமாகச் செல்வதால், ஓட்டுநர் வலப்பக்க இருக்கையிலும் அவருடைய மனைவி இடப்பக்க இருக்கையிலும் அமர்கின்றனர். ஆகவே தீர்ப்பு வழங்குபவர் ஒருவராகவும், அது நிறைவேறுவதைக் கண்ணாடிக்கு வெளியே ஒரு சாண் தொலைவில் காண்பவர் இன்னொருவராகவும் அமைந்துவிடுகிறது. சைக்கிள்காரரின் முழங்கையில் துளிர்த்திருக்கும் வியர்வை வரை அந்த அம்மாளுக்குத் தெரிகிறது. சனிக்கிழமை விருந்துக்காக மடியில் வைத்திருக்கும் பாயசப் பாத்திரத்தை இறுகப் பற்றிக்கொண்டு, தோளைக் குறுக்கி, வயிற்றையும் உள்ளிழுத்துக்கொள்கிறார். தாம் ஒடுங்கினால் காரும் ஒடுங்கும் என்ற நம்பிக்கை அவருக்கு இருபது ஆண்டுகளாக உண்டு. "ஏங்க, பாத்துங்க" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் சைக்கிள் பின்னே போய்விடுகிறது. "பட்டுச்சா?" என்று கேட்கிறார் இவர். படவில்லை. "அப்புறம்?"

இந்த "அப்புறம்?" என்பதற்குத்தான் சட்டம் விடை தேடிக்கொண்டிருக்கிறது. கடவு இடைவெளி என்பது, முந்திச் செல்லும் வண்டியின் பக்கவாட்டுக்கும் முந்தப்படுபவருக்கும் நடுவே இருக்க வேண்டிய குறைந்த அளவு தொலைவைக் குறிக்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2014 ஏப்ரலில் இதை அறுதியிட்டது: வேக வரம்பு 60 கிலோமீட்டர் வரை உள்ள சாலையில் ஒரு மீட்டர், அதற்கு மேற்பட்டால் ஒன்றரை மீட்டர். நியூசிலாந்தின் 2004-ஆம் ஆண்டுச் சாலைப் பயனர் விதியோ, பிறர்மேல் அக்கறையோடும் பாதுகாப்பாகவும் முந்த வேண்டும் என்று சொல்வதோடு நின்றுவிடுகிறது. ஒன்றரை மீட்டர் என்பது ஓட்டுநர் கையேட்டில் அறிவுரையாக மட்டுமே இடம்பெறுகிறது. அக்கறைக்கு முழக்கோல் இல்லையாதலால், அதை அளக்கும் பொறுப்பு இடம் இருக்குக்காரரிடமே வந்து சேர்கிறது.

சைக்கிள்காரருக்குக் காட்டும் மரியாதைக்காக யாரும் ஒரு மீட்டர் கேட்கவில்லை. ஏற்றத்தில் மெதுவாக மிதிக்கும்போது கைப்பிடி இப்புறமும் அப்புறமுமாக ஆடும். ஓரத்தில் மழைநீர்ச் சல்லடை வந்தால் விலக வேண்டியிருக்கும். நின்றிருக்கும் காரின் கதவு திடீரெனத் திறக்கும். பெரிய வண்டி கடந்தால் காற்று ஒரு கணம் தள்ளும். சைக்கிள் ஒரு கோட்டின்மேல் ஓடுவதில்லை, ஒரு பட்டையின் அகலத்தில் ஓடுகிறது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னால், தம் தெருவின் நடுவே உள்ள மஞ்சள் கோட்டை அவர் சுட்டிக்காட்டுகிறார். அதைத் தாண்டி முந்தக் கூடாது, எனவே நெருங்கிப் போவதே சட்டத்தை மதிப்பது என்கிறார். முந்தாமல் பின்னாலேயே சற்று நேரம் போகலாம் என்ற வழி அவருடைய பாடத்திட்டத்தில் இல்லை.

இத்தனைக்கும் ஒரு மீட்டர் என்பது எவ்வளவு என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். ஜப்பானிலிருந்து வந்திறங்கிய தம் ஹைப்ரிட் காரைப் பேரங்காடியில் நிறுத்தும்போது, பக்கத்து வண்டியின் கதவு கீறிவிடக் கூடாதென்று கடைசி மூலைவரை போய், இருபுறமும் காலியாக உள்ள இடத்தைத் தேடிப்பிடிக்கிறார்.

அவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. நியூசிலாந்தின் சைக்கிள் பாதுகாப்புக் குழு கடவு இடைவெளியைச் சோதித்துப் பார்க்கும்படி பரிந்துரைத்தது 2014-இல். அரசு குயின்ஸ்லாந்தின் அதே அளவுகளை விதியாக்க முன்மொழிந்து மக்களிடம் கருத்துக் கேட்டது 2020-இல். குதிரையில் செல்வோரையும் சேர்த்துக்கொண்டு இன்னோர் அரசு மறுபடி அறிவித்தது 2025-இல். ஒரு மீட்டரை அளந்து முடிக்க ஒரு நாட்டுக்குப் பதினோரு ஆண்டுகள் போதவில்லை என்பது வெட்கக்கேடு. 1959-இல் திறந்த ஆக்லாந்துத் துறைமுகப் பாலத்திலும் சைக்கிளுக்கோ நடப்பவருக்கோ பாதை வைக்கவில்லை. வடகரையிலிருந்து மிதித்து வருபவர் நேராக நகருக்குள் போகப் படகைத்தான் நாட வேண்டும். "பாலத்துலயே இடம் இல்லியே, என்னை மட்டும் கேக்குறீங்க" என்று இடம் இருக்குக்காரர் மடக்கும்போது மறுமொழி சொல்வது எளிதாயில்லை.

கண்புரை அறுவைக்குப் பிறகு சில வாரங்கள் அவர் காரோட்டக் கூடாதென்று ஆனது. மனைவி ஓட்டினார், இவர் இடப்பக்கம் அமர்ந்தார், பாத்திரம் இவர் மடிக்கு வந்தது. அதே ஏற்றத்தில் ஒரு சைக்கிள் தென்பட்டதும் கண்ணை இடுக்கி, "இடம் இருக்கு" என்றார். கார் நெருங்க நெருங்கப் பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இருக்கு, இருக்கு… இருந்தாலும் நீ கொஞ்சம் தள்ளியே போயேன்" என்றார்.