ஏழு பேர் கொண்ட குழு

ஆதித் திருச்சபைக்குள் எழுந்த முதல் முறுமுறுப்பே விதவைகளின் சாப்பாட்டைப் பற்றியதுதான். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம் சொல்கிறது: அன்றாடப் பந்தியில் அவர்கள் விடுபட்டார்கள், உடனே 7 பேர் கொண்ட குழு போட்டார்கள். ஏழு பேரும் ஆண்கள்.

பின்னாளில் அந்த அவசரம் இல்லை. 1876இல் மேரி சம்னர் தொடங்கிய அங்கிலிக்கன் தாய்மார் சங்கம், விவாகரத்தான தாய்மாருக்குக் கதவு திறந்தது 1970களில்தான். நிதானமான யோசனை!

இலங்கையில் ஏறத்தாழ நாலில் ஒரு வீட்டுக்குப் பெண்ணே தலைவி. குண்டசாலைப் பக்கம், பல்லேகலை கைத்தொழில் பேட்டையில் வேலை முடிந்து பஸ்ஸில் தொங்கி வருகிறவளுக்கு, அதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். டியூஷன் காசும் வேண்டும். சபைகள் வழக்கமாகக் கொடுப்பதோ குடும்ப ஞாயிறு அழைப்பு: "அப்பா, அம்மா, பிள்ளைகள் சேர்ந்து வாங்க!"

பிள்ளையை வைத்துப் பார்க்க இடம் இல்லாமல் இல்லை: வார நாளில் ஆலய மண்டபம் சும்மாதான் கிடக்கும். திறப்பு செயலாளர் வீட்டில், செயலாளர் ஜெபக்கூட்டத்தில்.